சந்தனம் என்னும் பெயர் பூண்ட ஓவியர்

எண்ணெய் வண்ண ஓவியம் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது இரவிவர்மாவின் திருமகளும் கலைமகளுமே. சிராங்கூன் சாலையில் மளிகைக் கடைகளிலும் பூக்கடைகளிலும் கல்லாப்பெட்டிக்கு மேலே, சிறு விளக்கின் ஒளியில், தாமரை மேல் நிற்கும் அத்திருமகளை இன்றும் காணலாம். அங்கே இருப்பது அச்சுப்படம். அவ்வகைப் படங்களுக்கு மூலமாய் நின்றது எண்ணெய் வண்ணம். நாள்தோறும் அதற்கு ஊதுவத்தி காட்டுவோர் எவரும் அதனை அயல்நாட்டுக் கலை என்று எண்ணுவதில்லை. ஆனால் அதே எண்ணெய் வண்ணத்தில் ரம்புத்தான் பழங்களைத் தீட்டிச் சட்டமிட்டு ஒரு மண்டபத்தில் மாட்டிவைத்தால், “இது மேல்நாட்டு ஓவியம் ஆயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குச் சென்றுவிடுகிறோம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? கருவி எந்நாட்டது என்று பார்த்துக் கலையை மதிப்பிடுவது முறையா? அக்கருவி கொண்டு எதனைக் காட்டினார், எவ்வாறு காட்டினார் என்று பார்ப்பது முறையா? சிங்கப்பூரில் நாற்பது ஆண்டு வாழ்ந்து 1993இல் மறைந்த ஜார்ஜெட் சென் அம்மையாரின் ஓவியங்கள் இவ்வினாவை எண்ணிப் பார்ப்பதற்கு மிகவும் உதவுவன. அவரைப் பற்றிப் பேசுமுன், அவர் கையாண்ட கருவியைச் சிறிது அறிந்துகொள்வோம்.

வண்ணப்பொடி தானாக எதன்மேலும் ஒட்டிக்கொள்வதில்லை. அதனைப் பிணைத்து நிறுத்த ஒரு பொருள் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களில் சுண்ணாம்புச் சாந்து அப்பணியைச் செய்தது. தஞ்சாவூர்ப் பலகைப் படங்களில் பசையும் கோந்தும் செய்தன. எண்ணெய் வண்ணத்தில் ஆளிவிதை எண்ணெய் செய்கிறது. “தேங்காய் எண்ணெயில் குழைத்தால் ஆகாதா?” என்று மாணவர் கேட்பர். ஆகாது, எத்தனை நாள் ஆனாலும் அது பிசுபிசுத்தே கிடக்கும். ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை மெல்ல மெல்ல ஏற்றுத் தன் உள்ளமைப்பு மாறி, கெட்டியான தோல்போல் இறுகிவிடுகிறது. ஈரத்துணி காய்வது நீர் ஆவியாகிப் போவதால். எண்ணெய் வண்ணம் காய்வது காற்றை உட்கொள்வதால். இரண்டும் வெவ்வேறு.

மேற்புறம் காயச் சில நாள் ஆகும். உள்ளே முற்றும் இறுகப் பல மாதம் ஆகும். இந்தத் தாமதமே ஓவியருக்குப் பெரும் நன்மை. சுண்ணாம்புச் சுவரில் தீட்டுபவர் பூச்சின் ஈரம் போகுமுன் ஓடி ஓடி முடிக்க வேண்டும். எண்ணெயில் தீட்டுபவர் நேற்று வைத்த நிறத்தோடு இன்று வேறொன்றைக் குழைக்கலாம். பிடிக்கவில்லையெனில் வழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். ஆனால் ஒரு விதியை மீறலாகாது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும், மேலே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறிச் செய்தால், மேற்பூச்சு முதலில் இறுகிவிட, அடிப்பூச்சு பின்னர் அசைந்து, படம் வெடித்துப் பிளவுபடும். இது பாரிஸ் நகருக்கும் பினாங்கிற்கும் பொதுவான விதி.

இக்கருவியைக் கண்டவர் ஐரோப்பியர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். பிளாண்டர்ஸ் நாட்டு யான் வான் ஐக் 15ஆம் நூற்றாண்டில் அதனைச் செம்மைப்படுத்திப் பெரும்புகழ் எய்தினார் என்பது மெய்யே. ஆயினும் 2008இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைகளில் உள்ள பௌத்தச் சுவரோவியங்களிலிருந்து எடுத்த வண்ணத் துணுக்குகளை ஆராய்ந்தபோது, அவற்றுட் சில, உலரும் எண்ணெயில் குழைத்துத் தீட்டியவை எனத் தெரிந்தது. காலம் கி.பி. 7ஆம் நூற்றாண்டை ஒட்டியது. மாமல்லபுரத்தில் பல்லவர் பாறை குடைந்துகொண்டிருந்த காலத்திலேயே, ஆசியாவின் நடுவில் எண்ணெய் வண்ணம் கையாளப்பட்டிருக்கிறது. ஆகவே, கருவிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது அத்துணைப் பயனுள்ள வேலையன்று.

இந்தியாவில் இதனை எல்லோர் வீட்டிற்கும் கொண்டு சேர்த்தவர் கிளிமானூரில் 1848இல் பிறந்த இரவிவர்மா. திருவாங்கூர் அரண்மனையில் இருந்த மதுரை ஓவியர் இராமசாமி நாயக்கரும், அங்கு வந்து தங்கிய ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் இத்தொழிலில் வல்லவர்கள். எனினும் இருவரும் தம் நுட்பத்தை இளைஞர் இரவிவர்மாவுக்கு மனமுவந்து சொல்லித் தரவில்லை என்றே வரலாறு எழுதியோர் கூறுவர். கண்டும் கேட்டும் தாமே முயன்றும் அவர் கற்றார். கற்ற முறையில் நம் புராணக் கதைகளைத் தீட்டினார். 1894இல் அச்சகம் நிறுவி அவற்றைப் பரப்பினார். கருவி வெளியிலிருந்து வந்தது, கதை நம்முடையது, ஆகவே மக்கள் ஏற்றுக்கொண்டனர். ரம்புத்தானுக்குக் கதை இல்லை. அதனால்தான் அதன்முன் நாம் நிற்பதில்லை போலும்.

இரவிவர்மா மறைந்த 1906ஆம் ஆண்டிலேயே ஜார்ஜெட் சென் பிறந்தார். பாரிஸில் 1907இல் பிறந்தார் என்று பழைய நூல்கள் எழுதியிருக்கும். சீனத்தின் செஜியாங் மாநிலத்தில் 1906இல் பிறந்தார் என்பதே இப்போது கொள்ளப்படுவது. தந்தையார் பெருவணிகர்; சீனக் கலைப்பொருள்களைப் பாரிஸில் விற்றவர்; சுன் யாட் சென்னின் புரட்சிக்குப் பொருளுதவி செய்தவர். மகள் பாரிஸிலும் நியூயார்க்கிலும் ஷாங்காயிலுமாக வளர்ந்தார். 1926இல் நியூயார்க்கில் ஓவியம் பயின்றார். அடுத்த ஆண்டு முதல் பாரிஸில் கொலரோசி, பிலூல் ஆகியோர் பெயரால் வழங்கிய பயிற்சிக்கூடங்களில் பயின்றார். 1930இல் பாரிஸின் பெயர்பெற்ற இலையுதிர்காலக் கண்காட்சியில் அவருடைய ஓவியம் இடம்பெற்றது. அவ்வாண்டே, டிரினிடாட் தீவில் பிறந்து சீனத்தின் வெளிநாட்டு அமைச்சராய் விளங்கிய யூஜின் சென்னை மணந்தார்.

பின்னர் வந்தது போர். ஜப்பானியர் ஹாங்காங்கைப் பிடித்தபோது கணவனும் மனைவியும் சிறைப்பட்டனர். ஷாங்காயில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டனர். 1944இல் கணவர் மறைந்தார். ஏறத்தாழ 1946இல் அவர் தம் முகத்தையே ஒரு கித்தானில் தீட்டினார். அது 22.5 சென்டிமீட்டர் உயரமும் 17.5 சென்டிமீட்டர் அகலமும் உடையது. நம் மாணவர் எழுதும் பள்ளி ஏட்டினும் பெரிதன்று. அழுகை இல்லை, வேண்டுகோளும் இல்லை. வாய் மூடியிருக்கிறது, கண்கள் நேரே பார்க்கின்றன. துயரத்தை வெளிப்படையாகக் காட்டாமல் காட்டும் நெறி நம் சங்கப் புலவர்க்குக் கைவந்தது. அதனைப் பயிற்றுவிக்கும் தமிழாசிரியர் இச்சிறு படத்தின்முன் சிறிது நேரம் நின்றாலே போதும், விளக்கம் வேண்டியதில்லை.

1951இல் அவர் பினாங்கு வந்து ஒரு சீனப் பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்து, 1954 முதல் 1980 வரை நன்யாங் நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயிற்றுவித்தார். லிம் ஹாக் தை 1938இல் நிறுவிய கழகம் அது. பல்வேறு இனத்தாரின் பண்பாடுகளை ஒன்றுகூட்டுவது, கிழக்கையும் மேற்கையும் இணைப்பது, இவ்வெப்ப நாட்டின் இயல்பைக் காட்டுவது ஆகியவற்றை அவர் தம் கழகத்துக்குரிய குறிக்கோள்களாக வைத்தார். கழகம் அக்காலத்தில் செயிண்ட் தாமஸ் வாக் என்னும் தெருவில் இருந்தது. இப்போது அது பென்கூலன் தெருவில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில் உள்ளது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்புவோர் எத்தனை பேர் அத்திசையில் திரும்பிப் பார்க்கின்றனரோ, அறியேன்.

இனி ரம்புத்தானுக்கு வருவோம். ‘இனிய ரம்புத்தான்’ என்று பொருள்படும் பெயருடன் அம்மையார் 1965இல் தீட்டிய ஓவியம் அவருடைய படைப்புகளுள் பலராலும் அறியப்பட்டது. அவர் பாரிஸில் பயின்ற நாளில், பழங்களைத் தீட்டுவது என்றால் எல்லோர் நினைவிலும் நின்றவர் செசான் என்னும் பிரெஞ்சு ஓவியர். மேசைமேல் சில ஆப்பிள்களை வைத்து, ஒரு துணியை மடித்துப் போட்டு, அவற்றின் திரட்சியையும் எடையையும் நிறத்தாலேயே கட்டியெழுப்பினார் அவர். அம்முறையைக் கற்று வந்தவர், ஆப்பிளையே சிங்கப்பூரிலும் தீட்டியிருக்கலாம். கப்பலில் வந்திறங்கிய ஆப்பிள் கடைகளில் கிடைத்தது. அவர் அதனை விடுத்து ரம்புத்தானையும் மங்குஸ்தானையும் டுரியானையும் எடுத்து வைத்தார்.

இது பழத்தை மாற்றும் சிறு செயல் போலத் தோன்றும். கையில் தூரிகை எடுத்தவர்க்கே அதன் கடுமை தெரியும். ஆப்பிளின் தோல் வழவழப்பானது. ஒளி ஓரிடத்தில் பட்டு வழுக்கிச் செல்லும். ரம்புத்தானுக்கோ உடலெங்கும் மயிர். ‘ரம்புட்’ என்றாலே மலாய் மொழியில் மயிர்தான். அதன்மேல் ஒளி சிதறும். விளிம்பு எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க இயலாது. ஒவ்வோர் இழையாக வரையப் புகுந்தால் பழம் பன்றிமுள் போலாகிவிடும். ஆகவே நிறத்திட்டுகளால் திரட்சியைச் சொல்லி, ஓரங்களில் தூரிகையைச் சிறிதே இழுத்து மயிரைக் குறிப்பால் உணர்த்த வேண்டும். பிரெஞ்சு நாட்டார் ஆப்பிளுக்கும் பீச்சுக்கும் கண்ட முறை, இப்பழத்தின் முன் வந்தவுடன் தன்னை மாற்றிக்கொள்ளாமல் முடியாது. கலப்பு என்பது இங்கேதான் உண்மையில் நிகழ்கிறது. ஒரு மூலையில் சீன விளக்கையும் மறு மூலையில் மலாய்த் தொப்பியையும் வைத்துவிட்டால் நிகழ்ந்துவிடாது.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பாரிஸில் அரசுச் சாயச்சாலையின் தலைவராய் இருந்த செவ்ரெல் என்னும் அறிஞர் 1839இல் இதனை ஒரு நூலாகவே எழுதினார். பிரெஞ்சு ஓவியர் பலர் அதனைப் பின்பற்றினர். அரக்குச் சேலைக்குப் பச்சைக் கரை வைக்கும் காஞ்சிபுரத்து நெசவாளர் நூல் படித்தா அதனை அறிந்தனர்? செம்பழமும் பசுந்தழையும் ஒரே கொத்தில் தொங்கும் ரம்புத்தான் மரம் அதே பாடத்தை ஆண்டுதோறும் நடத்துகிறது. அம்மையார் பாரிஸில் கற்ற நிறநூலுக்கு இந்நாட்டு மரமே எடுத்துக்காட்டாய் வந்து வாய்த்தது.

ஒளியும் மாறியது. பாரிஸ் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 49 பாகையில் உள்ளது. அங்கே குளிர்காலப் பகலவன் சாய்ந்தே செல்வான். நிழல் நீண்டு விழும். சிங்கப்பூரோ ஒரு பாகைக்குச் சற்று மேலே. நண்பகலில் நிழல் காலடியில் சுருங்கிவிடும். வெயில் நிறங்களை வெளுக்கச் செய்யும். மழைக்குமுன் எல்லாப் பச்சையும் திடீரென ஆழ்ந்துவிடும். அம்மையாரின் ஷாங்காய்க் காலத் தன்முக ஓவியத்தையும், 1963இல் தீட்டிய சிங்கப்பூர்க் கடற்கரைக் காட்சியையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், ஒரே கை எத்துணை மாறிவிட்டது என்பதை உணர்வர். 1957இல் கோலாலம்பூர்ப் பள்ளிவாசல், 1962இல் மலாய்த் திருமணம், 1963இல் தம் மலாய் மாணவியின் உருவமான ‘ரொஹானி’, பின்னர் சாத்தே விற்கும் சிறுவன் என அவர் தீட்டிய பொருள்கள் விரிந்துகொண்டே சென்றன.

தமிழாசிரியர்க்கு இதனை நம் இலக்கண மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். குறிஞ்சிப் பாட்டில் நெய்தற் பறவை வந்தால் அதற்குக் காரணம் கேட்கிறோம். ஓவியத்துக்கும் அக்கேள்வியைக் கேட்கலாம் அன்றோ? வெப்ப நாட்டில் இருந்துகொண்டு பனிநாட்டுப் பழத்தைத் தீட்டுவது திணை மயக்கம். அம்மையார் செய்தது, தாம் வந்து சேர்ந்த நிலத்தின் கருப்பொருளைத் தேடியது. உணவு அதில் உண்டு, மரம் உண்டு, தொழிலும் உண்டு. எண்ணெய் வண்ணம் அவருக்கு யாப்பு. பொருளை நிலம் தந்தது.

இதற்கு மறுதலையான ஒரு செயலை நம் இலக்கியத்திலேயே காண்கிறோம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தேம்பாவணி பாடினார். கதை யூதேய நாட்டினது. யாப்பும் காப்பிய நெறியும் தமிழுடையன. யூதேயாவை வருணிக்கப் புகுந்தவர் தமிழ்நாட்டு வயலையும் வளத்தையும் அங்கே கொண்டு சென்றார். அதனைத் தமிழ்க் காப்பியம் என்று நாம் தயங்காமல் கற்பிக்கிறோம். வந்தவர் நம் வடிவத்தை எடுத்துக்கொண்டால் பாராட்டுகிறோம். வெளி வடிவத்தை ஒருவர் நம் நிலத்துக்கு ஆக்கினால் மட்டும் ஐயுறுகிறோம். இது நேர்மையான அளவுகோலாக எனக்குப் படவில்லை.

அம்மையாரின் கலையில் குறை காண்போரும் உண்டு. பொருளை மாற்றினாரேயன்றி வடிவத்தை மாற்றவில்லை, இறுதிவரை பாரிஸ் மாணவியாகவே இருந்தார் என்பர். இதில் ஓரளவு உண்மை உண்டு. அவரோடு அதே கழகத்தில் பயிற்றுவித்த சியோங் சூ பியெங் வடிவத்தையே மாற்றினார். அவரும் லியூ காங், சென் சோங் சுவீ, சென் வென் சீ ஆகியோரும் 1952இல் பாலித் தீவுக்குச் சென்று வந்தனர். மறு ஆண்டு அப்பயணத்தின் பயனைக் கண்காட்சியாக வைத்தனர். சூ பியெங்கின் மாந்தர், கையும் காலும் கழுத்தும் நீண்டு, நிழற்பாவைக் கூத்தின் பாவைகளை நினைவூட்டுவர். அவருடைய ‘கருவாடு உலர்த்துதல்’ (1978) நம்மவர் பலர் கையிலேயே இருந்திருக்கிறது. 1999இல் வெளியான வரிசையைச் சேர்ந்த சிங்கப்பூர் ஐம்பது வெள்ளித் தாளின் பின்புறத்தில் அது அச்சாகியுள்ளது. பக்கத்தில் உள்ள குரங்குகள் சென் வென் சீ தீட்டியவை. சம்பள நாளில் அத்தாளை எண்ணிப் பார்த்தோர் பலர். திருப்பிப் பார்த்தோர் சிலரே. புதுமை என்று பார்த்தால் சூ பியெங்கே மிஞ்சுவார். ஆயினும், எடுத்த யாப்பைத் தளை தட்டாமல் பாடுவதும் புலமைதான். வெண்பாவை விட்டுப் புதுப்பா இயற்றியவர் பெரியர். வெண்பாவிலேயே நின்று புதுப்பொருள் பாடியவரும் சிறியரல்லர்.

இருபத்தாறு ஆண்டு ஆசிரியப் பணியைத்தான் நான் அவருடைய பெரும்பணியாகக் கருதுகிறேன். இரவிவர்மாவுக்கு நுட்பத்தை மறைத்தவர்களை மேலே கண்டோம். அம்மையார் தாம் பாரிஸில் கற்றதை எவரிடமும் மறைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக மாணவர்க்குக் கொடுத்தார். கொடுத்தது போலவே கேட்டும் கொண்டார். பிரெஞ்சும் ஆங்கிலமும் அறிந்தவர், நடுவயதில் மலாய் மொழியைக் கற்றார். தமக்குச் ‘செண்டானா’ என்று மலாய்ப் பெயர் சூட்டிக்கொண்டார். சென் என்னும் குடும்பப் பெயர் அதற்குள்ளே ஒளிந்திருப்பது காண்க. செண்டானா என்பது நம் சந்தனமே. வடக்கிலிருந்து தெற்கே வந்த சொல்லா, தெற்கிலிருந்து வடக்கே சென்ற சொல்லா என்னும் வழக்கை மொழிநூலாரிடம் விட்டுவிடுவோம். இந்தியாவிலிருந்து மலாய் மொழிக்குச் சென்ற ஒரு சொல்லைப் பாரிஸில் பயின்ற சீனப் பெண்மணி சிங்கப்பூரில் தம் பெயராக ஏற்றார் என்பது மட்டும் உறுதி. 1982இல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் வழங்கப்பெற்றது. முடக்குவாதம் கைவிரல்களை வருத்திய முதுமையில் அவர் துன்புற்றார்.

சிங்கப்பூர் தேசிய கலைக்கூடம் 2015இல் பழைய உச்சநீதிமன்ற, நகரமண்டபக் கட்டடங்களில் திறக்கப்பெற்றது. அம்மையாரின் ஓவியங்களுக்கெனவே 2020, 2021ஆம் ஆண்டுகளில் அங்கே ஒரு பெரிய கண்காட்சி நடைபெற்றது. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒரு சொல். ஓவியர் வாழ்க்கை வரலாற்றை வாயிலிலேயே ஒப்பிக்கத் தொடங்கிவிட வேண்டா. படத்தை முதலில் எட்ட நின்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கயிற்றுத் தடுப்பு வரை அருகே வரச் சொல்லுங்கள். எட்ட இருந்தபோது பழமாயிருந்தது, அருகே வந்ததும் வெறும் நிறத்தடமாய்ப் பிரிந்துவிடும். எந்த இடத்தில் பழம் நிறமாகிறது என்று அவர்களே கண்டு சொல்லட்டும். பின்னர் லிட்டில் இந்தியா திரும்பும் வழியில் தேசிய அரும்பொருளகத்தின் வெளியே, கிள்ளானில் பிறந்த குமாரி நாகப்பன் 2006இல் வெண்கலத்தில் வடித்த பெரிய மிளகாயையும் காட்டலாம். கருவி வேறு, காலம் வேறு, கருப்பொருளைத் தேடும் நோக்கு அதே நோக்கு.

இவையெல்லாம் வகுப்பறைக்கு எதற்கு என்று கேட்போர்க்கு ஒரு செய்தி. எங்கள் தோட்டப் பள்ளியில் “ஒரு பழம் வரைக” என்று சொன்னால், பெரும்பாலான பிள்ளைகள் வரைவது ஆப்பிள். “ஒரு வீடு வரைக” என்றால், கூரைமேல் புகைபோக்கி எழும்பும். சன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரம் சிவந்து நிற்கிறது. அதனை வரையலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வரையத் தகுந்தவை எல்லாம் வேறெங்கோ இருக்கின்றன, தாம் வாழும் லயத்தில் ஒன்றும் இல்லை என்று அவ்விளநெஞ்சுகள் எப்படியோ கற்றுக்கொண்டுவிட்டன. பாடநூலில் அப்படி எழுதியிருக்கவில்லை, ஆனாலும் கற்றுக்கொண்டுவிட்டன. தம் வீட்டுத் திண்ணையைக் கட்டுரையில் எழுத வெட்கப்படும் மாணவனும் இவனேதான்.

எண்ணெய் வண்ணமும் கித்தானும் வேண்டியதில்லை. மெழுகு வண்ணக் குச்சிகளே போதும். மரத்திலிருந்து ஒரு கொத்தைத் தழையோடு பறித்து மேசைமேல் வைத்து, சன்னல் ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும்படி செய்து, ஒரு பாடவேளை முழுதும் பார்த்து வரையச் சொல்லலாம். கறுப்புக் குச்சியால் விளிம்பு இடவேண்டா என்று தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும். இல்லையேல் மயிர் முளைத்த ஆப்பிள்தான் கிடைக்கும். பறித்த இரண்டொரு நாளில் மயிர் கறுத்துச் சிவப்பு மங்கிவிடும். ஆதலால் மறுநாளைக்கு ஒத்திவைத்தல் கூடாது. வரைந்து முடிக்கும்வரை எவரும் எடுத்து உண்ணலாகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நலம்.